சித்திரை விடுமுறையில் திருகோணமலைக் குளங்களில் பறவைகள்: எங்கே போவது, எதைப் பார்ப்பது?

உவர்மலை ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நகரிலுள்ள பாடசாலையொன்றில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். எங்கள் சுற்றாடல் கழகத்தைச் சேர்ந்த தரம் 8, 9 மாணவர்கள், சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் அயலிலுள்ள குளங்களுக்குச் சென்று பறவைகளைப் பார்க்க வேண்டுமென்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். பெற்றோர் சிலர் கூட வருவதற்கு இணங்கியிருக்கிறார்கள். வாகனத்துக்கும் ஒழுங்கு செய்தாயிற்று. ஆனால் கொழும்பில் இருக்கும் என் நண்பி, குடிபெயர் பறவைகளெல்லாம் மாசி மாதத்தோடு புறப்பட்டுவிடும் என்றும், சித்திரை வெயிலில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் கொக்கையும் காகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான் என்றும் சொல்கிறார். பிள்ளைகளின் உற்சாகத்தைக் கெடுக்கவும் மனமில்லை, அவர்களை வீணாக வெயிலில் வாட்டவும் விருப்பமில்லை.

நண்பி சொல்வது எவ்வளவு தூரம் உண்மை? நகரிலிருந்து காலையில் போய் நண்பகலுக்குள் திரும்பக்கூடிய இடங்களாக எவற்றைத் தெரிவு செய்யலாம்? சேற்றோரத்தில் ஓடித் திரியும் சிறிய உள்ளான்கள் எல்லாம் எனக்கு ஒரே பறவையாகவே தெரிகின்றன. அவற்றைப் பிள்ளைகளுக்கு எப்படிப் பிரித்துக் காட்டுவது? எங்களிடம் இருப்பவை இரண்டு தொலைநோக்கிகள் மட்டுமே. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கரைச்சியோரம் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் நண்பி சொல்வது வாத்துகளைப் பொறுத்தவரை பெருமளவு சரியே. கண்ணுக்கு மேலே வெள்ளைப் பிறை போட்ட நீலச்சிறகிகளும் ஊசிவால் வாத்துகளும் பங்குனியிலேயே கூட்டங்கூட்டமாகக் கிளம்பிவிடும். சித்திரையில் பிந்தி நிற்கும் ஒன்றிரண்டைத்தான் காணலாம். ஆனால் கரையோரத்தில் நடந்து இரை தேடும் உள்ளான் வகைகளுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. அவற்றிற் பல ஏப்ரல் இறுதிவரை இங்கேயே நின்று தின்று கொழுக்கின்றன. சில மே மாதம் பிறந்த பின்னரும் நிற்கும். இனப்பெருக்க வயதை எட்டாத இளம் பறவைகள் சில அந்த ஆண்டு வடக்கே திரும்பாமல் கோடை முழுவதையும் நம் களப்புகளிலேயே கழித்துவிடுவதும் உண்டு.

உண்மையில், மார்கழியிலும் தையிலும் பறவை பார்ப்பதைவிடப் பங்குனி நடுப்பகுதி தொடங்கிச் சித்திரை முடியும் வரையான காலமே கற்பவர்களுக்கு நல்லது என்று நான் சொல்வேன். குளிர்காலத்தில் உள்ளான்கள் எல்லாம் சாம்பலும் வெள்ளையுமாகவே திரிவதால் உங்களுக்கு மட்டுமல்ல, பழகியவர்களுக்கும் அவை ஒன்றுபோலத் தோன்றும். சித்திரையில் அவை இனப்பெருக்கக் காலத்து இறகுகளுக்கு மாறத் தொடங்குகின்றன. சைபீரியாவின் வடகோடியில் கூடு கட்டும் வளைமூக்கு உள்ளான், இங்கிருந்து புறப்படுவதற்கு முன்பே மார்பும் வயிறும் செங்கல் நிறமாகிவிடும். மாற்றம் பாதியில் நிற்கும் பறவைகளில் சாம்பலுக்கு நடுவே சிவப்புத் திட்டுத் திட்டாக எட்டிப் பார்க்கும். கருவால் மூக்கனின் கழுத்துத் துருநிறம் கொள்ளும். மணற்கரைகளில் ஓடும் சிறு உப்புக்கொத்திகளின் மார்பில் செம்பட்டை விழும். ஒரே கூட்டத்தில் பழைய உடையிலும் புதிய உடையிலும் பறவைகளைப் பார்க்கும் வாய்ப்பு வேறு மாதங்களில் இலகுவிற் கிடைக்காது.

இடத்தைத் தெரிவு செய்யும்போது குளத்தின் பெயரையோ பரப்பையோ பார்க்காதீர்கள். நீர் வற்றுகிற விதத்தைப் பாருங்கள். நம் பகுதிக்கு மழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஐப்பசி, கார்த்திகை தொடங்கித் தை வரை பெய்து குளங்கள் வான் பாயும் நாட்களில் தண்ணீர் புல்வரை ஏறி நிற்பதால், குட்டைக்கால் பறவைகளுக்கு நிற்கவே இடமிராது. பங்குனி வெயில் ஏறத் தண்ணீர் பின்வாங்கி, ஈரச் சேறு ஒரு பட்டையாக வெளிப்படுகிறது. அந்தச் சேற்றுப் பட்டையும், அதையொட்டி விரற்கடை ஆழத்தில் நிற்கும் தண்ணீருமே உள்ளான்களின் உணவுத் தட்டு. ஆகவே செங்குத்தான குளக்கட்டில் நின்றுகொண்டு பறவையே இல்லை என்று சொல்லிப் பயனில்லை. கட்டுக்கு எதிர்ப்புறத்தே நிலம் மெல்லச் சரியும் அலைகரைப் பக்கமே போக வேண்டும். போன கிழமை பறவை நிறைந்திருந்த மூலை இந்தக் கிழமை காய்ந்து வெடித்திருக்கும். பறவைகள் தண்ணீரோடு நகர்ந்திருக்கும்.

நகரிலிருந்து வடக்கே நிலாவெளிப் பக்கம் போவதே உங்களுக்கு வசதி. சாம்பல்தீவுப் பாலத்தடியில் சற்று நின்று பார்த்துவிட்டு, நிலாவெளியில் பெரிய கரைச்சி, சின்னக் கரைச்சி ஆகிய களப்புகளின் ஓரத்துக்குச் செல்லுங்கள். நேரமிருந்தால் இறக்கக்கண்டிப் பாலம் வரை போகலாம். வீதிப் பக்கம் நின்று மேற்கே பார்க்கும்போது காலை வெயில் உங்கள் முதுகுப் பக்கம் விழும் என்பதால் நிறங்கள் தெளிவாகத் தெரியும். மாலையில் அதே இடத்தில் நின்றால் பறவைகளெல்லாம் கரிய நிழலுருக்கள்தான். விடியற்காலையிலேயே அங்கு நிற்கும்படி புறப்படுங்கள். ஒன்பது மணிக்கு மேல் கரைச்சி வெளியில் கானல் அலையத் தொடங்கிவிடும். அதன் பிறகு எவ்வளவு விலையுயர்ந்த தொலைநோக்கியாலும் பயனில்லை.

இன்னும் வடக்கே, புல்மோட்டைக்கு அப்பால், முல்லைத்தீவு மாவட்ட எல்லையில் உள்ள கொக்கிளாய்க் களப்பு 1951ஆம் ஆண்டிலேயே சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பறவைக்கு அருமையான இடம், ஆனால் அரைநாட் பயணத்துக்குத் தோதுப்படாது. இடைக்குறிப்பாக ஒன்று: இலங்கையில், ஈரநிலங்களைப் பாதுகாப்பதற்கான பன்னாட்டு ராம்சார் உடன்படிக்கையின் கீழ்ப் பட்டியலிடப்பட்ட ஈரநிலங்கள் ஆறு. அவற்றில் ஒன்றுகூட நம் மாவட்டத்தில் இல்லை. இத்தனை களப்பும் கழிமுகமும் குளமும் உள்ள மாவட்டத்துக்கு இது பெருங்குறை என்பதே என் எண்ணம்.

கிண்ணியா வயற்காரன் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் ரீச்சர். மேலே எழுதிய நானா கரைச்சியைப் பற்றி நன்றாகச் சொல்லிவிட்டார். நான் பறவை ஆராய்ச்சி செய்பவனல்லன்; தம்பலகாமத்துப் பக்கம் வயல் செய்கிறவன். இருந்தாலும் சித்திரையில் பறவையைக் கிட்ட நின்று பார்க்க வேண்டுமென்றால் வயலை விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

பெரும்போக அறுவடை முடிந்து, சிறுபோகத்துக்குக் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் வந்து, சேற்று உழவு தொடங்கும் நாட்களில் உழவு இயந்திரத்துக்குப் பின்னால் கொக்குகள் ஊர்வலம் போவதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். உண்ணிக்கொக்குகளின் தலையும் கழுத்தும் முதுகும் அந்த நாட்களில் மஞ்சள் பூசிக் குளித்ததுபோல் மாறத் தொடங்கியிருக்கும். வரம்பில் அசையாமல் குந்தியிருக்கும் குளத்துக்கொக்கு மற்ற மாதங்களில் மண்ணிறமாக இருப்பது, இப்போது முதுகில் கருஞ்சிவப்புப் போர்வையும் பின்தலையில் வெள்ளைத் தூவியுமாக நிற்கும். நத்தைகுத்தி நாரைகள் உழுத சேற்றிலிருந்து நத்தையை எடுத்து, நடுவில் இடைவெளி விட்ட தம் அலகால் ஓட்டிலிருந்து சதையை மட்டும் இழுத்துத் தின்றுவிட்டு, கோதை வரம்பில் போட்டுவிட்டுப் போகும். வரம்பில் கிடக்கும் வெற்று நத்தைக் கோதுகளைப் பொறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பல கோதுகள் நொறுங்காமல் அப்படியே இருப்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள்.

இரண்டு மூன்று விடயங்களில் கவனம் வேண்டும். வயற்காரரிடம் கேட்டுவிட்டே வரம்பில் ஏறுங்கள். ஒருவரும் மறுக்க மாட்டார்கள், ஆனால் வரம்பு உடைந்தால் தண்ணீர் போய்விடும் என்பதால் ஒருவர் பின் ஒருவராக மெதுவாக நடக்க வேண்டும். விதைத்த வயலுக்குள் கால் வைக்கவே கூடாது. கந்தளாய், முதலிக்குளம், வெல்கம் விகாரைக்கு அருகிலுள்ள பெரியகுளம் ஆகிய பக்கங்களுக்குப் போவதானால் காலையிற் போய்க் காலையிலேயே திரும்புங்கள். வெயில் தாழத் தாழ யானைகள் தண்ணீருக்கு இறங்கும். பிள்ளைகளோடு நிற்கிற இடமல்ல அது. குளத்தில் முதலையும் உண்டு. ஆகவே கரையோரப் புல்லுக்குள் இறங்கிக் கால் நனைக்க விடாதீர்கள். சித்திரையில் பிற்பகலில் திடீரென்று இடிமழை கட்டுவதும் வழக்கம், வெட்டவெளியான குளக்கட்டு அந்நேரத்தில் ஆபத்தான இடம். கந்தளாய்க் கட்டைக் காட்டும்போது, 1986ஆம் ஆண்டு இதே சித்திரையில் அது உடைந்து ஊர்களை அடித்துக்கொண்டு போன கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். எங்கள் தலைமுறையில் அதை மறந்தவர்கள் இல்லை.

தாமரைக்குளம் எழுதியது:

முதற் பதிலோடு ஓரிடத்தில் மாறுபடுகிறேன். முதன்முறையாகப் பறவை பார்க்கும் பிள்ளைகளை நேரே கரைச்சிக்குக் கூட்டிக்கொண்டு போய், தூரத்துச் சேற்றில் நிற்கும் உள்ளான்களைக் காட்டுவது சலிப்பையே தரும். இரண்டு தொலைநோக்கிகளை வைத்துக்கொண்டு ஒரு வகுப்பே முறை பார்த்து நிற்கும்போது பறவை பறந்துபோய்விடும். அல்லியும் தாமரையும் படர்ந்த சிறிய ஊர்க்குளம் ஒன்றில் தொடங்குங்கள். அங்கே வெறுங்கண்ணுக்கே தெரியும்படி பறவைகள் இருக்கும். முக்குளிப்பான் முங்கிய இடத்தையும் எழும்பும் இடத்தையும் ஊகிக்கச் சொன்னால் அதுவே ஒரு விளையாட்டு. நீர்க்காகம் சிறகை விரித்துக் காய்வதும், பாம்புத்தாரா கழுத்தை மட்டும் நீருக்கு மேலே நீட்டி நீந்துவதும், சம்புப் பற்றைக்குள் நீலத் தாழைக்கோழி செந்நிறக் கால்களால் தண்டைப் பிடித்துக்கொண்டு உரித்துத் தின்பதும் ஆண்டு முழுவதும் காணக் கிடைப்பவை.

எல்லாவற்றுக்கும் மேலாக நீளவால் இலைக்கோழியைத் தேடுங்கள். மாரிகாலத்தில் மங்கிய மண்ணிறமாக, நீண்ட வாலின்றித் திரிந்த பறவை, இளவேனிலில் கரிய உடலும் வெண்சிறகும் பிடரியில் பொன்னிறமும், அரிவாள்போல் வளைந்த நீண்ட வாலுமாக மாறி நிற்கும். அதன் விரல்களின் நீளத்தைத் தொலைநோக்கியில் பாருங்கள். உடலின் பாரத்தை இலைமேல் பரப்பிவிடுவதற்காகவே அமைந்தவை அவை. முட்டையிடுவது மட்டுமே பேட்டின் வேலை. அடைகாப்பதும் குஞ்சைக் கூட்டித் திரிவதும் சேவலின் பொறுப்பு. பேடு அடுத்த சேவலைத் தேடிப் போய் இன்னொரு தொகுதி முட்டையிடும். கூடு என்று பெரிதாக ஒன்றுமில்லை, மிதக்கும் இலைதழைகளின் மேல் பளபளக்கும் செம்பழுப்பு முட்டைகள் நான்கு கிடக்கும். சல்வீனியாவும் ஆகாயத்தாமரையும் முற்றாக மூடிய குளங்களில் இந்தக் காட்சி குறைந்துவருகிறது. குளத்தைத் துப்புரவாக்குகிறோம் என்று தாமரையையும் சேர்த்து வேரோடு வாரி எடுப்பவர்களும் இதே கெடுதியைத்தான் செய்கிறார்கள்.

இனி உள்ளான்களைப் பிரித்தறிவது பற்றி. நிறத்தைக் கடைசியிற் பாருங்கள்; முதலில் அது இரை தேடும் முறையைப் பாருங்கள். குறுகிய அலகும் பெரிய கண்ணும் உடைய பட்டாணி உள்ளான் வகைகள் விறுவிறென்று ஓடி, சட்டென்று நின்று, ஒரு கொத்துக் கொத்திவிட்டு மறுபடி ஓடும். அவை கண்ணால் பார்த்து இரை பிடிப்பவை. நீண்ட அலகுடையவை நடந்துகொண்டே சேற்றைத் துழாவிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு அலகின் நுனியே விரல். கருவால் மூக்கன் முகம் வரை நீருக்குள் விட்டுத் துளைக்கும், பறக்கும்போது சிறகில் வெள்ளைக் கோடும் கரிய வால்நுனியும் தெரியும். பச்சைக்காலி தண்ணீருக்குள் குறுக்கும் நெடுக்குமாக ஓடி மீன் குஞ்சுகளைத் துரத்தும். பவளக்காலி பறந்தவுடன் சிறகின் பின்விளிம்பு முழுவதும் வெண்மையாகப் பளிச்சிடும். வாய்க்கால் ஓரத்தில் தனியாக நின்று பின்னுடலை ஓயாமல் ஆட்டிக்கொண்டிருப்பது சாதாரண உள்ளான். அதன் தோளோரத்தில் வெண்மை மேலேறி நிற்கும். முதுகில் பொரி சிதறியதுபோல் புள்ளியும் கண்ணுக்கு மேலே தெளிவான வெள்ளைப் புருவமும் இருந்தால் பொரி உள்ளான். எல்லாவற்றிலும் சிறியதாக, கறுத்த கால்களோடு, தையல் இயந்திர ஊசி வேகத்தில் கொத்திக்கொண்டே போவது கொசு உள்ளான். இவற்றில் நான்கைந்தை ஒரு காலையில் பிள்ளைகள் இனங்கண்டுகொண்டால் போதும். மற்றவற்றை உள்ளான் என்றே எழுதிவிட்டு வரட்டும்.

உவர்மலை ஆசிரியை எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதியமைக்கு எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் நாள் ஊர்க்குளம் ஒன்று, மறுநாள் கரைச்சி என்று பிரித்துக்கொள்ளலாம் என நினைக்கிறேன். தம்பலகாமத்துக்குப் போவது உழவு தொடங்கும் நாளைப் பொறுத்தது.

மேலும் சில ஐயங்கள். மாணவி ஒருத்தி சாம்பல்தீவுப் பாலத்தில் பஸ் நின்றபோது ஒரு பறவையைப் பார்த்து என்னிடம் படமே வரைந்து காட்டினாள். உச்சந்தலை கறுப்பு, கன்னம் வெள்ளை, அடிவயிறு கருஞ்சாம்பல், சிறகு நீளம். தண்ணீருக்கு மேலே தாழப் பறந்துகொண்டு, முழுவதும் மூழ்காமல் அலகால் எதையோ கொத்தி எடுத்ததாம். கடற்காகமா என்று கேட்கிறாள். இது எதுவாக இருக்கலாம்?

ஒரு பெற்றோர் புதிய தொலைநோக்கி ஒன்றை வாங்கித் தர முன்வந்திருக்கிறார். பத்து மடங்கு பெருக்குவதையே வாங்க வேண்டுமென்று நினைக்கிறார். அது சரியா? இன்னொருவர், கைபேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டால் பறவை தானாகவே அருகில் வரும் என்கிறார். அதைச் செய்யலாமா என்பதையும் சொல்லுங்கள்.

கரைச்சியோரம் எழுதியது:

அந்தப் பிள்ளையின் கண்ணுக்கு ஒரு சபாஷ். அவள் பார்த்தது மீசை ஆலா. வெள்ளைக் கன்னமே அதன் அடையாளம். குளிர்காலத்தில் அதன் அடிப்புறம் முழுவதும் வெண்மையாக இருக்கும். வடக்கே திரும்பும் காலம் நெருங்கும்போதுதான் வயிறு இப்படிக் கறுக்கும். அதோடு கலந்து பறக்கும் வெண்சிறகு ஆலாவும் இக்காலத்தில் கறுக்கும், ஆனால் அதற்குத் தலை, உடல், சிறகின் உட்புறம் எல்லாமே கரியதாகி, வாலும் பிட்டமும் மட்டும் வெண்மையாக நிற்கும். வெள்ளைக் கன்னம் இராது. கடற்காகங்கள் இவற்றைவிடப் பருத்த உடலுடையவை. ஆலாக்களுக்கு மெலிந்த உடலும் குத்தூசி போன்ற அலகும். சின்ன ஆலா போன்றவை மேலிருந்து குத்தாக விழுந்து மீன் பிடிக்கும்போது, மீசை ஆலா பெரும்பாலும் நீர்ப்பரப்பை உரசியே இரையைக் கொத்தி எடுக்கும் என்பதையும் அவள் கவனித்திருக்கிறாள். இதைத்தான் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டும்.

தொலைநோக்கியைப் பொறுத்தவரை 8×42 என்று குறித்திருப்பதை வாங்கச் சொல்லுங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பதையும், இரண்டாவது எண் முன்வில்லையின் விட்டத்தை மில்லிமீற்றரிலும் குறிக்கும். பத்து மடங்கு பெருக்கும்போது கை நடுக்கமும் சேர்ந்து பெருகும், பார்வைப் பரப்பும் சுருங்கும். பிள்ளைகள் பறவையைக் கண்ணாடிக்குள் பிடிப்பதற்கே திண்டாடுவார்கள். முன்வில்லை சிறிதாக இருந்தால் விடியற்கால மங்கலில் படம் இருண்டுவிடும். ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது: திருகோணமலையில் கடற்படை, இராணுவ முகாம்களுக்கு அண்மையில் தொலைநோக்கியையோ நீண்ட வில்லை பூட்டிய கமராவையோ தூக்கிப் பிடிக்காதீர்கள். பாடசாலை அதிபரிடமிருந்து ஒரு கடிதம் வாங்கிக் கையில் வைத்திருப்பது நல்லது.

குரலை ஒலிக்கவிடும் யோசனையை அடியோடு கைவிடுங்கள். இது கூடு கட்டும் காலம். தன் எல்லைக்குள் வேறொரு சேவல் புகுந்துவிட்டதென்று எண்ணி, அடைகாப்பதை விட்டுவிட்டு வந்து அது பதறும். நமக்கு வேடிக்கை, அதற்கு வீண் அலைச்சல். குரலைக் கேட்டு இனங்காணும் மெர்லின் போன்ற செயலிகளைப் பயன்படுத்துவதில் தவறில்லை, அவை கேட்கின்றனவே தவிரக் கூப்பிடுவதில்லை. உள்ளான் கூட்டத்தைக் கைதட்டிப் பறக்கவிட்டுப் படம் எடுப்பதும் இதே வகையைச் சேர்ந்ததே. ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறப்பதற்காக அவை இப்போது உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கின்றன. நாம் ஒருமுறை கிளப்பினால் சேர்த்ததில் ஒரு பங்கு அங்கேயே செலவாகிவிடும்.

உப்பளத்துக் காற்று எழுதியது:

நிலத்தில் இடும் முட்டைகளைப் பற்றி இதுவரை ஒருவரும் பேசாததால் நான் சேர்த்துக்கொள்கிறேன். பிள்ளைகள் கூட்டமாக நடக்கும்போது இதுவே பெரிய ஆபத்து. ஆட்காட்டி, சின்ன ஆலா, காய்ந்த குளத்தடியில் கூடும் சிறு பறவைகள் சில எல்லாம் கூடு கட்டாமல் வெறுந்தரையில் சிறு குழி பறித்தே முட்டையிடுகின்றன. மணலும் கூழாங்கல்லும் கலந்த நிறத்தில் இருக்கும் முட்டை, காலடியில் கிடந்தாலும் கண்ணுக்குப் படாது. ஆட்காட்டி தலைக்கு மேலே வட்டமிட்டுக் கத்தினால், அல்லது ஒரு சிறு பறவை சிறகு ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு உங்களுக்கு முன்னால் ஓடினால், அதைப் பின்தொடராமல் வந்த வழியே திரும்புங்கள். முட்டையோ குஞ்சோ பக்கத்திலேதான் இருக்கிறது. சித்திரை நண்பகலில் நிழலில்லாத முட்டை சிறிது நேரத்திலேயே வெந்துவிடும். அதனால்தான் தாய்ப்பறவை வெயிலில் முட்டையின் மேல் நின்று நிழல் கொடுக்கிறது. சில இனங்கள் தண்ணீரில் போய் வயிற்றிறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் அமர்ந்து அதைக் குளிர்விக்கவும் செய்கின்றன. நாம் கூட்டருகே நின்று படமெடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்த வேலை நின்றுபோகிறது.

நம் வரண்ட கரையோரங்களிலும் உப்பளப் பாத்திகளின் ஓரத்திலும் வாழும் சின்னஞ்சிறு பட்டாணி உள்ளான் ஒன்று, நீண்டகாலமாக வடநாட்டிலிருந்து வரும் இனத்தின் கிளையாகவே கருதப்பட்டுவந்தது. 2023ஆம் ஆண்டில் மரபணுவையும் உடலளவுகளையும் ஒப்பிட்டு, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நிலையாக வாழும் தனி இனமென்று அதை வேறாக்கி, அனுமனின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். குருவியளவு உடலோடு சேதுவின் இருபுறமும் வாழ்வதற்கு அந்தப் பெயர் பொருத்தமானதுதான். உப்பளங்களுக்குள் அனுமதியின்றி இறங்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வீதியோரத்திலிருந்து பார்த்தாலே போதுமானது.

பார்த்தவற்றைக் கட்டாயம் எழுதி வையுங்கள்: திகதி, நேரம், இடம், இனம், ஏறத்தாழ எத்தனை, நீர் மட்டம் எப்படி. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் நடைபெறுவதால் சித்திரையில் எந்தப் பறவை எந்தக் களப்பில் நிற்கிறது என்பது அந்தக் கணக்குக்குள் வருவதேயில்லை. உங்கள் மாணவர்கள் ஒரே குளத்துக்குப் பங்குனியிலிருந்து வைகாசி வரை கிழமைக்கு ஒருமுறை போய் எழுதும் குறிப்பைப் பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் இணையத்தளத்தில் பதிவேற்றினால், எந்த இனம் எந்தக் கிழமையில் கிளம்பியது என்பது தானாகவே தெளிவாகும். ஒரு நாளில் பத்து இடம் சுற்றுவதைவிட இதுவே மேல் என்பேன். மே மாதத்து இரண்டாவது சனிக்கிழமை உலக வலசைப் பறவைகள் நாள் என்பதால், சேர்த்த குறிப்புகளைப் பாடசாலையில் காட்சிப்படுத்த அந்த நாள் ஏற்றது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1976 முதல் இயங்கிவரும் களப் பறவையியல் குழுவுக்கும் எழுதிப் பாருங்கள்.

உவர்மலை ஆசிரியை எழுதியது:

நன்றி. கிழமைக்கு ஒருமுறை ஒரே குளம் என்ற யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆண்டாங்குளம் பக்கத்திலிருந்து வரும் மாணவர்கள் சிலர் தங்கள் வீட்டருகே உள்ள குளத்தைத் தாங்களே பொறுப்பேற்பதாகச் சொல்கிறார்கள். அங்கே கிழிந்த நைலான் வலைகள் கரையோரத்தில் கிடப்பதாகவும், அவற்றில் ஒரு நீர்க்காகம் சிக்கிச் செத்துக்கிடந்ததாகவும் ஒருவன் சொன்னான். பிள்ளைகளே அவற்றை எடுத்து அகற்றலாமா? கிண்ணியா அண்ணாவிடம் இன்னொரு கேள்வி: உழவு தொடங்கும் நாளை முன்கூட்டியே அறிய வழியுண்டா?

தாமரைக்குளம் எழுதியது:

கரையில் கைவிடப்பட்டுக் கிடக்கும் வலைத் துண்டுகளைப் பெரியவர்கள் கையுறை போட்டுக்கொண்டு எடுக்கலாம். தண்ணீருக்குள் கட்டியிருக்கும் வலையைத் தொட வேண்டாம். அது ஒருவரின் பிழைப்பு. கிராம அலுவலரிடமோ அந்தக் குளத்து மீனவர் சங்கத்திடமோ சொல்லி, பழைய வலைகளைச் சேர்த்துப் போட ஓரிடம் ஒழுங்கு செய்யச் சொல்லுங்கள். உயிரோடு சிக்கிய பறவையைக் கண்டால் இழுக்காமல், ஒரு துணியால் தலையை மூடிப் பிடித்துக்கொண்டு நூலை ஒவ்வொன்றாகக் கத்தரிக்க வேண்டும். நாரையோ கொக்கோ ஆனால் முகத்தைத் தள்ளியே வைத்திருங்கள், அவை கண்ணைக் குறிவைத்துக் கொத்தும்.

கிண்ணியா வயற்காரன் எழுதியது:

ரீச்சர், சிறுபோகத்துக்கு எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது, எவ்வளவு ஏக்கருக்கு விடுவது என்பதெல்லாம் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிக்கப்படும். குளத்து நீர் மட்டத்தைப் பொறுத்து அது ஆண்டுக்காண்டு மாறும். தம்பலகாமத்துக் கமக்காரர் அமைப்பொன்றின் செயலாளரிடம் கேட்டால் திகதியைச் சொல்லுவார். தண்ணீர் வாய்க்காலுக்கு வந்து சில நாட்கள் கழித்து உழவு மும்முரமாக நடக்கும். அந்நேரம் காலை ஆறரை மணிக்கு வாருங்கள்; உழவு இயந்திரம் வயலில் இறங்கும்போதே கொக்குகளும் இறங்கிவிடும். வரும் முதல்நாள் இங்கே ஒரு செய்தி போட்டுவிடுங்கள், எந்தப் பக்கத்து வயலில் உழவு நடக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.